ஸ்டாஃப் ரூம் நண்பர்களை மதுரைக்கு அழைத்து வருவது: வெளிநாட்டில் பாடம் எடுக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டுப் பள்ளியில் வேலை பார்க்கிற மதுரைக்காரர் ஸ்டாஃப் ரூமில் ஊர்ப்பெருமை பேசாமல் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மீனாட்சி கோயில், கறிதோசை, ஜல்லிக்கட்டு என்று வருஷம் முழுக்கப் பேசினால், டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது நாலைந்து பேர் "நாங்களும் உன்னோட வரட்டுமா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். அதற்கப்புறம் செய்ய வேண்டியவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வளைகுடாப் பள்ளியில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சிங்கப்பூர், மாலத்தீவு, ஆப்பிரிக்கா என்று வேறு எங்கே இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவது அப்பா அம்மாவைப் பார்க்க. நண்பர்கள் வருவது ஊரைப் பார்க்க. இரண்டையும் ஒரே நாட்களில் திணித்தால் இரண்டுமே கெடும். கீழே சொல்லும் திட்டம் முழுவதும் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் நிற்கிறது.

தேதி: கூகுள் காலண்டருக்கு முன்னால் தமிழ்க் காலண்டர்

அமீரகத்தில் 2025-26 கல்வியாண்டுக்கு அறிவித்த குளிர்கால விடுமுறை டிசம்பர் 8 முதல் ஜனவரி 4 வரை. மற்ற நாடுகளில் இரண்டு, மூன்று வாரம் என்று கூடக் குறைய இருக்கும். எப்படிப் பார்த்தாலும் விடுமுறை பொங்கலுக்கு முன்னால் முடிந்துவிடும். இதை நண்பர்களிடம் டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் மனதில் இருப்பது ஜல்லிக்கட்டுதான். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அந்த நேரத்தில் நீங்கள் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சித்திரைத் திருவிழாவும் அப்படித்தான், ஏப்ரல்-மே. கல்யாணம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் இதே கதை. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிட்டால் தை வரை முகூர்த்தமே கிடையாது. கார்த்திகைக் கடைசியில் சொந்தத்தில் ஏதாவது கல்யாணம் விழுந்தால் அதிர்ஷ்டம்.

இல்லாததைச் சொல்லியாயிற்று. இருப்பது மார்கழி. விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசல்களில் பெரிய கோலம், மதிய வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு இதமான காற்று. வெளியூர்க்காரருக்கு மதுரையைக் காட்ட இதைவிட நல்ல மாதம் இல்லை. ஆனால் மூன்று விஷயத்தைக் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதி வரைக்கும் வந்து போகலாம். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கார்த்திகை முதல் மகரஜோதி வரை மதுரை வழியாகத்தான் போய் வரும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை வாடகையும் டிக்கெட் விலையும் ஏறிக்கிடக்கும். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் டிசம்பர் 14 முதல் 23 வரைக்குள் ஒரு வாரம்தான் என் தேர்வு. கிறிஸ்துமஸை ஊரில் கொண்டாட விரும்பும் பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்க நண்பர்கள் இருந்தால் 25 வரை நீட்டலாம். கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயம் இருக்கிறது, நள்ளிரவுத் திருப்பலிக்குத் தாராளமாகப் போகலாம்.

நீங்கள் மட்டும் நான்கைந்து நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். அத்தை வீடு, சித்தப்பா வீடு, பல் டாக்டர், பேங்க், ஆதார் திருத்தம் எல்லாம் அதற்குள் முடியட்டும். நண்பர்கள் இறங்கும்போது நீங்களும் பாதி விருந்தாளி மனநிலைக்கு வந்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினால், வாசலில் உறவுக்காரர்கள் நிற்பார்கள், பின்னால் நண்பர்கள் பெட்டியோடு நிற்பார்கள், நீங்கள் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

யார் யார், எத்தனை பேர்

எண்ணிக்கையை வண்டி முடிவு செய்யட்டும். டிரைவர் போக ஐந்து பேர் என்றால் ஒரு இன்னோவாவில் பெட்டிகளோடு சமாளிக்கலாம். ஆறு, ஏழு ஆனால் டெம்போ டிராவலர் வேண்டும், வாடகையும் டோலும் ஏறும், சந்துகளில் நிறுத்த இடமும் கிடைக்காது. உங்களையும் சேர்த்து ஐந்து என்பதில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பாஸ்போர்ட்டும் விசாவும்: இரண்டு மாதத்துக்கு முன்பே

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சக ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மின்னணு சுற்றுலா விசா கிடைக்கும். 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று வகை. 30 நாள் விசாவுக்கு வந்து இறங்கும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். ஒரு வருட, ஐந்து வருட விசாக்களுக்கு 120 நாள் முன்பே போடலாம். குறைந்தது நான்கு நாள் அவகாசம் வேண்டும் என்பது விதி. அந்த நான்கு நாளை நம்பாமல் மூன்று வாரம் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட ஏஜென்ட் தளங்கள் முதலில் வந்து நிற்கும், இரண்டு மடங்கு பணம் பிடுங்கும். முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. பாகிஸ்தான் பாஸ்போர்ட்டுக்கு மின் விசா கிடையாது. அதோடு முடியவில்லை. பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானில் பிறந்தவர்களாக இருந்தால் மின் விசா வழியில் போக முடியாது, தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வளைகுடா ஸ்டாஃப் ரூம்களில் இப்படி ஒருவராவது இருப்பார். எல்லாரும் இருக்கும் குழுவில் இதைப் பேசாமல் தனியாக, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் டிக்கெட் போட்ட பிறகு தெரிய வந்தால் அவருக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் பக்கமும் ஒரு கண் வேண்டும். சவுதியில் இருப்பவர்கள் வெளியேறித் திரும்பும் விசா இல்லாமல் கிளம்ப முடியாது, பெரும்பாலும் பள்ளி அலுவலகம்தான் அதைப் போட்டுத்தரும், விடுமுறை வாரத்தில் அந்த அலுவலகத்தில் ஆள் இருக்காது. எத்தியோப்பியா, உகாண்டா போன்ற நாடுகளில் பாடம் எடுப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்திருக்க வேண்டும். இது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்துத்தான்.

பையில் என்ன இருக்கக்கூடாது என்றும் சொல்லிவையுங்கள். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. மலையேறும் பழக்கமுள்ளவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றை அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே போலீஸ் வழக்கு ஆகிவிடும்.

டிக்கெட்

மதுரைக்கு துபாய், கொழும்பு, சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானங்கள் வந்து போகின்றன. அட்டவணை அடிக்கடி மாறும், அதனால் போன வருஷ நேரத்தை நம்பிப் பேசாதீர்கள். நேரடி விமானம் விலை அதிகம் என்றால் அடுத்த தேர்வு திருச்சி. வளைகுடா, சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் அங்கே அதிகம். அங்கிருந்து மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் இரண்டரை மணி நேரம்.

சென்னையில் இறங்குபவர்களுக்கு ரயில்தான் நல்லது. எழும்பூரிலிருந்து வைகை, பாண்டியன், தேஜஸ் எல்லாம் நம்மாட்களுக்குத் தெரிந்ததுதான். நாகர்கோவில் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடும். முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரில் அப்படி மாற்றிவிட்டார்கள். டிசம்பர் டிக்கெட் அக்டோபரில் காலை எட்டு மணிக்குத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். நண்பர்களை நம்பாமல் நீங்களே உங்கள் கணக்கில் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பணம்: இதைப் பேசாமல் விமானம் ஏறாதீர்கள்

வெளிநாட்டுப் பள்ளிகளில் ஒரே வகுப்புக்கு ஒரே பாடம் எடுக்கும் இரண்டு பேருக்கு, பாஸ்போர்ட்டைப் பொறுத்துச் சம்பளம் வேறாக இருப்பது சகஜம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். பயணத்தில் இது வந்து நிற்கும். பிரிட்டிஷ் நண்பர் சாதாரணமாக "ஹெரிடேஜ் ஹோட்டல் போட்டுடலாமே" என்பார், பிலிப்பைன்ஸ் ஆசிரியை சிரித்துக்கொண்டே சரி என்பார், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் துண்டு விழும். குழுவில் குறைந்த சம்பளம் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகும் தொகையையே திட்டத்தின் அளவாக வையுங்கள். யாரை மனதில் வைத்து அந்தத் தொகை என்று விளக்க வேண்டாம். கூடுதல் வசதி வேண்டுபவர்கள் தனியே அறை எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பொதுப் பணம். வண்டி, டீசல், டோல், டிரைவர் பேட்டா, நுழைவுக் கட்டணம், குழுவாகச் சாப்பிடும் சாப்பாடு இவற்றுக்கெல்லாம் ஒரு தொகையைக் கிளம்பும் முன்பே எல்லாரிடமும் வாங்கிவிடுங்கள். கணக்குப் பார்ப்பவர் நீங்களாக இருக்கக்கூடாது. ஊரும் உங்களுடையது, மொழியும் உங்களுடையது, கணக்கும் உங்களுடையது என்றால் சந்தேகம் வருவதற்கு இடம் கொடுத்ததாகும். குழுவில் ஒரு கணக்கு வாத்தியார் நிச்சயம் இருப்பார், அவர் தலையில் கட்டுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளியைப் பர்ஸைத் தொடவிடாமல் எல்லா பில்லுக்கும் நாமே பாய்வது. ஒரு வாரம் அப்படிப் பாய்ந்தால் ஒரு மாதச் சம்பளம் காலி, நண்பர்களுக்கும் கூச்சம். வீட்டில் போடும் சாப்பாடு மட்டும் என் செலவு, மற்றதெல்லாம் பொதுப் பணம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

நடைமுறைச் செலவுக்கு யுபிஐதான் வழி. பூக்காரம்மா முதல் பருத்திப்பால் வண்டி வரை அட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ என்கிற, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு உள்ளவர்கள் அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், சிங்கப்பூர் போன்ற நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நண்பர்களுக்கு அந்த வசதி எளிதில் அமையாது, அதனால் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை நோட்டாகவே கொடுத்துவையுங்கள். ஐநூறு ரூபாயை நீட்டினால் ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்பார்.

தங்குவது: வீட்டில் வேண்டாம்

அம்மாவுக்கு இது பிடிக்காது. "வீடு இருக்கும்போது லாட்ஜ்ல தங்க வைக்கிறதா? ஊர்ல என்னய்யா சொல்லுவாங்க?" என்பார். பிடிவாதமாக இருங்கள். ஐந்து பேருக்கு ஒரு வாரம் காபி போட்டே அம்மா ஓய்ந்துபோவார், உங்களிடம் பேசக்கூட நேரம் இருக்காது. குளியலறை வரிசை வேறு. ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் எல்லா விலைக்கும் அறை கிடைக்கும், கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். கார் நிறுத்தும் வசதியும் அமைதியும் வேண்டும் என்றால் அழகர்கோயில் ரோடு, கே.கே.நகர் பக்கம் பாருங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் தங்கினால், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமில்லை, வீட்டில் தங்க வைத்தாலும் அதே விதிதான். சின்ன லாட்ஜ்கள் சில இந்த வேலைக்குப் பயந்தே வெளிநாட்டவருக்கு அறை தருவதில்லை. ஆகவே ஆப்பில் முன்பதிவு செய்தாலும் போன் போட்டு, "ஃபாரினர்ஸுக்கு ரூம் குடுப்பீங்களா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கல்யாணமாகாத ஜோடி ஒரே அறை கேட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், அதையும் அதே போனில் பேசிவிடலாம்.

வீட்டுக்கு ஒரே ஒரு மதியச் சாப்பாடு, முடிந்தால் இரண்டாவது நாள். யாருக்கு மாட்டிறைச்சி ஆகாது, யாருக்குப் பன்றி ஆகாது, யாருக்கு ஹலால் வேண்டும், யார் சைவம் என்று அம்மாவிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். அன்று சித்தியோ அத்தையோ துணைக்கு வரட்டும். நண்பர்கள் ஏதாவது கொண்டுவர விரும்பினால் பேரீச்சம்பழமும் பாதாமும் போதும். அம்மா கையில் பணம் கொடுக்க முயல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மதுரைக்கு மூன்று நாள்

மதுரையைக் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் காட்ட வேண்டும். நடுவில் தூங்கட்டும், துணி துவைக்கட்டும், ஊருக்குப் போன் பேசட்டும். கோயிலே மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கிறது. அந்த ஒழுங்கை நாமும் பின்பற்றினால் போதும்.

முதல் நாள் மாலை கோயில். போவதற்கு முன்பே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது, கேமராவும் கிடையாது, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத உடை கூடாது. இந்து அல்லாதவர்களுக்கு அம்மன், சுவாமி சன்னதிக்குள் அனுமதி இல்லை. வாசலில் வைத்து இதைச் சொன்னால் முகம் வாடிவிடும், முன்பே சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பார்க்க வேண்டியது உள்ளே நிறைய இருக்கிறது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தாலே தெற்குக் கோபுரம் தெரியும், ஏறத்தாழ 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 985தான் வரும், அதை ஒரு போட்டியாக வைத்துவிட்டால் ஆசிரியர் கூட்டம் ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் இருந்தால் இரவு பள்ளியறை பூஜை வரை இருங்கள். சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் மேளதாளத்தோடு அம்மன் சன்னதிக்கு எடுத்துப்போவதைப் பிராகாரத்தில் நின்று எல்லாருமே பார்க்கலாம்.

துணி தைக்கும் ஆசை வெளிநாட்டு நண்பர்களுக்கு உறுதியாக வரும். புதுமண்டபத்துத் தையல் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. முதல் நாளே அளவு கொடுத்துவிட்டால் கிளம்பும் முன் வாங்கிக்கொள்ளலாம். சுங்குடிச் சேலைக்கும் அன்றே ஒரு நடை போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் விடிகாலை கீழக்குயில்குடி சமணர் மலை. நகரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. அந்தக் கல்வெட்டுகளில் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இந்த உருவத்தைச் செய்வித்தார் என்ற செய்தி வருகிறது. ஆசிரியர்களாகவே இருக்கும் ஒரு குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் மதுரையில் ஒரே ஒரு இடம்தான் காட்டலாம் என்றால் திருமலை நாயக்கர் மகாலை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன். எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சூடேறிவிடும். மதியம் வீட்டுச் சாப்பாடு. மாலை திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி, பிடித்தால் பார்க்கலாம். 1636இல் கட்டிய தூண்களைப் பகலில் பார்ப்பதே எனக்குப் போதும்.

மூன்றாம் நாள் காலை, அகழாய்வு நடந்த கீழடி. ராமநாதபுரம் சாலையில் 12 கிலோமீட்டர் தள்ளி, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் வருகிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள், தாயக்கட்டை, மணிகள் என்று ஒவ்வொரு கூடத்துக்கும் நேரம் வேண்டும், இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாலை தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம். காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில்தான் என்று சொன்னால், இந்தியாவைப் பற்றிப் படித்துவிட்டு வந்த நண்பரும் நிமிர்ந்து பார்ப்பார்.

சாப்பாடு தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாளே கோலா உருண்டை, சுக்கா என்று இறங்க வேண்டாம். இட்லியில் ஆரம்பித்து, இரண்டாம் நாள் இரவு பன் பரோட்டா, மூன்றாம் நாள் கறிதோசை என்று ஏறுங்கள். சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறிதோசை, விளக்குத்தூண் ஜிகர்தண்டா, காலையில் பருத்திப்பால். ஜிகர்தண்டாவை மட்டும் கூட்டம் நிற்கும் கடையில் வாங்குங்கள். தண்ணீர் எப்போதும் மூடி உடையாத பாட்டில், பையில் ஓஆர்எஸ் பாக்கெட், கொசுவுக்கு ஓடோமாஸ். மழை முடிந்த காலம் டெங்கு காலம்.

ஊருக்கு வெளியே: ஒரு திசை மட்டும்

கொடைக்கானல், ராமேஸ்வரம், தேக்கடி, செட்டிநாடு நான்கையும் மிச்சமுள்ள மூன்று நாளில் பார்க்கலாம் என்று டிராவல்ஸ்காரர் ஒரு பட்டியல் தருவார். பார்க்கலாம், கார் ஜன்னல் வழியாக. டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். கம்பம், குமுளிப் பாதை ஐயப்ப சீசனில் நெரிசல், கேரளாவுக்குள் போக வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டும். ராமேஸ்வரத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போவது அருமையான அனுபவம்தான், ரயில் பிரியர் குழுவில் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு நாள் கொடுங்கள்.

முதல் தடவை வருபவர்களுக்கு நான் சொல்வது மேலூர் சாலை. ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டும்போதே கேமராக்கள் வெளியே வந்துவிடும். அங்கிருந்து அரிட்டாபட்டிக்குத் திரும்புங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, பாறையில் கழுகுகள். 2024 நவம்பரில் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் மொத்தமும் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டால் இந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்கலாம். அவருக்குரிய தொகையைப் பொதுப் பணத்திலிருந்து மரியாதையாகக் கொடுங்கள்.

அடுத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் இருக்கும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன், கண்மாயில் தண்ணீர் இருந்தால் நத்தைக்குத்தி நாரைகள் மரம் முழுக்க இருக்கும். பிறகு திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, சாயங்காலத்துக்குள் காரைக்குடி. இரவு இரண்டு அங்கே.

கானாடுகாத்தானில் எல்லா வீட்டையும் திறந்து காட்ட மாட்டார்கள், பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் ஒன்றிரண்டு வீடுகளே போதும். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, கண்ணாடி போல வழவழக்கும் சுவர்ப் பூச்சு. கடல் தாண்டிச் சம்பாதித்து ஊரில் வீடு கட்டியவர்கள் கதை நமக்கு அந்நியமானது இல்லையே. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கையால் வண்ணக் கலவை ஊற்றி, ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். ஓவிய ஆசிரியர் யாராவது குழுவில் இருந்தால் அவரை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு. நேரமிருந்தால் திருமயம் கோட்டை. பாரம்பரிய வீடுகளில் அறை விலை டிசம்பரில் அதிகம், காரைக்குடி நகரத்து ஹோட்டல்களில் பாதிக்கும் கீழே கிடைக்கும்.

வண்டி பேசும்போது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு, டோல் யார் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். டிரைவர் தங்குமிடமும் சாப்பாடும் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். டிரைவரண்ணன் நல்லாத் தூங்கினால்தான் நாம் நல்லபடியாக ஊர் திரும்புவோம்.

நடுவில் சண்டை வந்தால்

வரும். நான்காவது நாள் வாக்கில், பெரும்பாலும் பசி நேரத்தில். அதற்கு ஒரே மருந்து, நான்காம் நாளில் அரை நாள் எந்தத் திட்டமும் வைக்காமல் விட்டுவிடுவது. யாரும் யாரோடும் போக வேண்டியதில்லை. நீங்களும் நேராக வீட்டுக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்து டிவி பாருங்கள். நண்பர்கள் மாசி வீதிகளில் தனியாகச் சுற்றட்டும், தொலைந்துபோனாலும் யாராவது டீ வாங்கிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிடுவார்கள்.

திரும்பும்போது பெட்டியில்

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும், டிசம்பர் கடைசியில் டெல்லியில் பனிமூட்டத்தால் விமானங்கள் தாமதமாகும். பொதுப் பணக் கணக்கைக் கிளம்பும் முந்தின இரவே முடித்து மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள்.

பெட்டியை நீங்களே ஒரு முறை பார்க்க வேண்டும், நண்பர்களுடையதையும் சேர்த்து. அமீரகம், சவுதி, கத்தார், சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்கு. அம்மா அன்பாக அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வெற்றிலை, பாக்கு வகைகளும் அமீரகத்தில் தடை. அல்வா போகும், ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில்தான் போகும். மல்லிகைப்பூ மார்கழியில் விளைச்சல் குறைந்து தாறுமாறான விலையில் இருக்கும், விமான நிலையம் வரை தலையில் இருந்தால் போதும். பக்கத்து ஃபிளாட்காரர் கொடுத்தனுப்பச் சொன்ன மூடிய பார்சலை, அது மாமியார் கொடுத்த சீடையே ஆனாலும், திறந்து பார்க்காமல் எந்த நண்பர் பெட்டியிலும் வைக்காதீர்கள்.